இருள் விலக்கும் சிறு துணை: சட்டைப்பை டார்ச்சு விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

பால்மரத் தொழில் கதிரவனுக்கு முன்பே விழித்தெழும் தொழில். விடியலுக்கு முந்திய குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது வெட்டினால்தான் பால் தாராளமாக வடிந்து மங்கில் நிறையும். வெயில் ஏறியபின் மரம் தன் நீரை இலைகளின் வழியாக இழப்பதால் பால் ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே, பால்வெட்டும் தொழிலாளி இருளிலேயே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியவராகிறார். அவருடைய அன்றைய வருமானமும் பாதுகாப்பும் அவர் ஏந்திச் செல்லும் விளக்கைப் பெரிதும் சார்ந்துள்ளன.

முற்காலத்தில் கார்பைட் விளக்கு இந்தப் பணியைச் செய்தது. கால்சியம் கார்பைட் கட்டியின்மீது நீர் சொட்டும். அதிலிருந்து எழும் அசெட்டிலின் வாயு எரிந்து வெளிச்சம் தரும். இன்று எல்.இ.டி. தலைவிளக்கு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அதனோடு, சட்டைப்பையில் அடங்கும் சிறிய டார்ச்சு விளக்குகளும் கடைத்தெருக்களிலும் இரவுச் சந்தைகளிலும் குவிந்து கிடக்கின்றன. காவல் துறையினருக்கும் படைவீரருக்கும் உருவாக்கப்பட்ட வகையைப் பின்பற்றி, "டேக்டிக்கல்" என்னும் பெயரில் விற்கப்படுபவையும் அவற்றுள் பல. அட்டைப் பெட்டியின்மீது பெரிய பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்களை நம்பி உழைத்த காசைக் கொடுப்போர் பலர். அவ்வெண்கள் எதைக் குறிக்கின்றன, நமக்கு எவ்வகை விளக்கு ஏற்றது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பத்துமலை கற்பிக்கும் பாடம்

விளக்கின் அருமையை உணர்த்துதற்குப் பத்துமலையை விடச் சிறந்த இடம் நம் நாட்டில் இல்லை எனலாம். 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டுவரும் அம்மலைக்கு நம்மில் செல்லாதவர் அரியர். 272 படிகளை ஏறி மேற்குகையை அடைந்தால், உயர்ந்த கூரையின் திறப்பு வழியே பகலொளி கோயிலின்மீது இறங்குவதைக் காண்கிறோம். அங்கே பகலில் கைவிளக்கு வேண்டியதில்லை. ஆனால், அதே படிவழியில் 204ஆம் படியருகே இருட்டுக் குகையின் வாயில் உள்ளது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அதன் வழிகளின் உட்பகுதிகளில் நம் கையே நமக்குத் தெரியாது. வெளவால்களின் எச்சத்தை உண்டு வாழும் பூச்சியினங்களும், பத்துமலையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய "லிபிஸ்தியஸ் பத்துவென்சிஸ்" என்னும் அரிய கதவுச் சிலந்தியும் அங்கே வாழ்கின்றன. வழிகாட்டிகளுடன் பொதுமக்கள் சென்று பார்த்துவந்த அக்குகை 2019ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

இத்தகைய குகைகளில் இறங்கி ஆராய்வோர் உலகெங்கும் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் ஒன்றையொன்று சாராத மூன்று விளக்குகளை உடன் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அது. ஒன்று பழுதானால் இரண்டாவது கைகொடுக்கும். இரண்டாவதும் அணைந்தால் மூன்றாவது வெளியே கொணரும். குகை மனிதனுக்கு இரக்கம் காட்டாது. அணைந்த விளக்கு எவ்வளவு விலையுயர்ந்தது என்று இருள் கேட்பதுமில்லை.

இதிலிருந்து மூன்று உண்மைகளை நாம் பெறலாம். முதலாவது, ஒற்றை விளக்கை நம்பி இருளில் இறங்குதல் தகாது. இரண்டாவது, முழு இருளில் சிறு வெளிச்சமே பெரும் வெளிச்சமாகும். காலடியைக் காண்பதற்குப் பேரொளி வேண்டியதில்லை. மூன்றாவது, கூசும் ஒளி குகைவாழ் உயிர்களைக் கலைப்பதோடு நம் கண்களின் திறனையும் கெடுக்கும். இருளுக்கு நம் கண்கள் முழுமையாகப் பழகுவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அப்பழக்கத்தை வன்மையான வெள்ளொளி நொடிப்பொழுதில் போக்கிவிடும். அதன்பின் ஒளிவட்டத்திற்கு வெளியே உள்ளவை நமக்குத் தெரியமாட்டா.

பால்மரக் காடு குகையன்று. எனினும், அமாவாசைக்கு அடுத்த நாளின் அதிகாலையில், இலைகள் வானத்தை மறைத்த நிரைகளுக்கிடையே நிற்பவருக்கு இரண்டிற்கும் வேறுபாடு மிகுதியாகத் தோன்றாது. எனவே, தலைவிளக்கு ஒன்று, சட்டைப்பையில் சிறு டார்ச்சு ஒன்று என இரண்டேனும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

தலைவிளக்கு இருக்கையில் கைவிளக்கு எதற்கு?

இக்கேள்வி எழுவது இயல்பே. உளியைப் பிடித்து வெட்டுதற்கு இரு கைகளும் வேண்டும். அங்கே தலைவிளக்கே ஏற்றது. ஆனால், தலைவிளக்கு கண்களுக்கு அருகிலிருந்து ஒளி வீசுவதால், தரையிலுள்ள மேடுபள்ளங்களின் நிழல் நம் பார்வைக்கு மறைந்துவிடுகிறது. குழியும் வேரும் தட்டையாகத் தோன்றுகின்றன. கைவிளக்கை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால், ஒவ்வொரு வேருக்கும் கல்லுக்கும் நிழல் விழும். கண் அவற்றை உடனே இனங்காணும். மூடுபனி படர்ந்த காலையிலும் இதே பயன் உண்டு. நெற்றியிலிருந்து வீசும் ஒளி பனித்துளிகளில் பட்டு வெண்திரையாகத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். தாழ்த்திப் பிடித்த ஒளி அத்திரையின் கீழாகச் சென்று பாதையைக் காட்டும்.

எண்களின் மொழி

விளக்குப் பெட்டிகளில் காணப்படும் முக்கியமான எண்களை இனி விளக்குவோம். அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு கைவிளக்குகளுக்கென "எஃப்.எல்.1" என்னும் அளவை முறை வகுக்கப்பட்டது. நேர்மையான நிறுவனங்கள் பலவும் அம்முறைப்படி அளந்தே எண்களைக் குறிக்கின்றன.

லுமென் என்பது விளக்கிலிருந்து வெளிப்படும் மொத்த ஒளியின் அளவு. ஒளி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அது கூறாது. நான்கு மடங்கு லுமென் இருந்தாலும் நம் கண்ணுக்கு ஏறத்தாழ இருமடங்கு வெளிச்சமாகவே தோன்றும். ஆகவே, 500 லுமெனுக்கும் 600 லுமெனுக்கும் உள்ள வேறுபாட்டிற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

கேண்டெலா என்பது ஒளிக்கற்றையின் கூர்மை. ஒளி செல்லும் தூரத்தை இதுவே தீர்மானிக்கிறது. 2,500 கேண்டெலா உள்ள விளக்கிற்கு 100 மீட்டர் என்றும், 10,000 கேண்டெலா உள்ளதற்கு 200 மீட்டர் என்றும் பெட்டியில் குறிப்பர். தூரம் இருமடங்காக வேண்டுமாயின் கூர்மை நான்கு மடங்காக வேண்டும் என்பதை இதனால் அறியலாம். அந்தத் தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது தெரியுமா? கற்றையின் ஒளி முழுநிலவின் வெளிச்சத்தளவுக்குக் குறையும் இடம் வரை அளக்கிறார்கள். நிலவொளியில் மரம் நிற்பது தெரியும். மரத்தடியில் சுருண்டு கிடக்கும் பாம்பு தெரியாது. எனவே, பெட்டியிலுள்ள தூரத்தில் பாதிக்கும் குறைவையே பயன்தரும் தூரமாகக் கொள்வது அறிவுடைமை.

எரியும் நேரம் என்னும் எண்ணில்தான் பலர் ஏமாறுகின்றனர். விளக்கின் ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரத்தையே அது குறிக்கிறது. "1,000 லுமென், 3 மணி நேரம்" என்று எழுதியிருந்தால், மூன்று மணி நேரமும் 1,000 லுமென் கிடைக்கும் என்று பொருளன்று. சிறிய விளக்கு சில நிமிடங்களில் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும்.

மின்கலமே விளக்கின் உயிர்

எளிய கணக்கு ஒன்றால் பெட்டியிலுள்ள கூற்றுகளை நாமே சோதிக்கலாம். இன்று சிறு விளக்குகளில் மிகுதியாகப் பயன்படும் லித்தியம் அயனி மின்கலம் "18650" எனப்படும். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதே அவ்வெண்ணின் பொருள். நல்ல கலத்தின் கொள்ளளவு 3,500 மில்லி ஆம்பியர் மணியளவில் இருக்கும். அதாவது 3.5 ஆம்பியர் மணி; இதனை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி கிடைக்கும்.

நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட் மின்சாரத்திற்குச் சுமார் 100 லுமென் தரும் எனக் கொள்வோம். 1,000 லுமென் ஒளிக்கு 10 வாட் வேண்டும். அவ்வாறாயின் அக்கலம் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 100 லுமென் ஒளிக்கு ஒரு வாட் போதும். அதே கலம் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் தாங்கும். எனவே, 18650 கலம் ஒன்றை மட்டும் கொண்ட விளக்கு "1,000 லுமென் ஒளியைப் பத்து மணி நேரம் தரும்" என எவரேனும் கூறினால், அக்கூற்று மெய்யாதல் இயலாது. அவ்வாறே, 18650 கலத்தின் மேல் "9,900 மில்லி ஆம்பியர் மணி" என அச்சிட்டிருந்தால் அது போலியென்று துணியலாம். அத்தகைய கலத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

மற்றொரு வழி, எங்கும் கிடைக்கும் டபுள் ஏ மின்கலம். மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் வகைக் கலம் 1.2 வோல்ட்டும் 2,000 மில்லி ஆம்பியர் மணியளவும் கொண்டது, அதாவது 2.4 வாட் மணி. 30 லுமென் ஒளியில் கணக்குப்படி எட்டு மணி நேரம் எரியும். வெளிச்சம் குறைவெனினும், தோட்டத்துக் கடையிலும் கலம் கிடைக்கும் என்பது இதன் சிறப்பு. சாதாரண ஆல்கலைன் கலத்தை விளக்கினுள் பல மாதம் விட்டுவைத்தால் அது கசிந்து உள்ளுறுப்புகளை அரித்துவிடும். எப்போதாவது பயன்படுத்தும் விளக்கிலிருந்து அதனைக் கழற்றி வைப்பதே நலம்.

லித்தியம் அயனிக் கலத்தைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். சாவி, சில்லறைக் காசு ஆகியவற்றோடு தனிக்கலத்தைச் சட்டைப்பையில் போடலாகாது. இரு முனைகளும் உலோகத்தால் இணைந்தால் தீப்பற்றக்கூடும். மேலுறை கிழிந்த கலத்தையும் உப்பிய கலத்தையும் பயன்படுத்தலாகாது. மெத்தையின் மீதோ, எல்லோரும் உறங்கும் வேளையிலோ மின்னேற்றல் கூடாது. சுவரில் செருகும் மின்னேற்றி எதுவாயினும் சிரிம் முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும். "14500" என்னும் லித்தியம் கலம் உருவத்தில் டபுள் ஏ கலத்தைப் போன்றதே. ஆனால் அதன் மின்னழுத்தம் இருமடங்கிற்கு மேல். விளக்கின் குறிப்பேடு அனுமதித்தாலன்றி அதனை டபுள் ஏ விளக்கில் இடலாகாது.

நமக்கேற்ற விளக்கின் இலக்கணம்

காவலருக்கு ஏற்ற விளக்கு தொழிலாளிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. காவலர் திடீரென ஒருவரை மடக்கிக் கண்களைக் கூசச் செய்ய விரும்புவார். நாமோ பாதையையும் மரப்பட்டையையும் காண விரும்புகிறோம். ஆதலால் பின்வருவனவற்றைக் கருத்திற்கொண்டு தேர்ந்தெடுத்தல் தகும்.

1. குறைந்தது மூன்று படிநிலை ஒளி வேண்டும். 5 முதல் 20 லுமென் வரை வீட்டிற்குள்ளும் அருகில் பார்ப்பதற்கும். 50 முதல் 150 லுமென் வரை நடப்பதற்கும். 300 லுமெனும் அதற்கு மேலும் தொலைவில் உள்ளதை ஒருகணம் பார்ப்பதற்கும் பயன்படும். இருட்டில் முதலில் எரிவது மென்மையான ஒளியாக இருத்தல் சிறப்பு.

2. ஒளிக்கற்றை அகன்றதாக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் கூரிய புள்ளியும் சுற்றிலும் இருளுமாக உள்ள விளக்கு நடைப்பாதைக்கு உதவாது. காலடியும் இரு பக்கமும் ஒருங்கே தெரிய வேண்டும்.

3. ஒளியின் நிறம் நீலம் கலந்த கடும் வெள்ளையாக இல்லாமல் இளமஞ்சள் சார்ந்த வெள்ளையாக இருப்பது நல்லது. 4,000 முதல் 5,000 கெல்வின் வரையுள்ள ஒளி நமக்கு ஏற்றது. நிறங்காட்டும் தன்மை 90க்கு மேற்பட்டதாயின் மிக நன்று. பட்டையின் அடுக்குகளும் காய்ந்த சருகின்மேல் கிடக்கும் பாம்பின் உடலும் வேறுபட்டுத் தெரிவதற்கு இது துணைபுரியும். உளி சற்றே ஆழ்ந்தாலும் மரத்தில் காயமுண்டாகிப் புதுப்பட்டை மேடு பள்ளமாக வளரும் என்பதைப் பால்வெட்டுவோர் நன்கறிவர்.

4. நீர் காக்கும் தன்மை வேண்டும். "ஐ.பி.எக்ஸ்.4" என்றால் தூறலும் தெறிப்பும் தாங்கும். "ஐ.பி.எக்ஸ்.7" என்றால் ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும். நம் நாட்டு மழைக்கும் பால் வாளிக்கும் பின்னதே ஏற்றது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாத உறுதியும் தேவை.

5. விசை ஒற்றைக் கையால், ஈரமான விரலாலும் இயக்கத்தக்கதாக இருக்க வேண்டும். சட்டைப்பையில் தானாக எரிந்து சூடேறாதபடி பூட்டும் வசதி இருத்தல் நலம். கண்ணைப் பறிக்கும் துடிப்பொளி நமக்குத் தேவையில்லை. ஒளியை மாற்ற விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது குறுக்கிடும் விளக்கைத் தவிர்ப்பது நன்று.

6. முன்விளிம்பில் பற்கள் போன்ற கூர்முனை உள்ள வகை, பையைக் கிழிக்கும். காவலரின் சோதனையில் ஆயுதமோ என்ற ஐயத்தையும் எழுப்பக்கூடும். மழுங்கிய விளிம்பே போதும்.

7. தலைப்பகுதி பக்கவாட்டில் திரும்பிய வளைவு வகை ஒன்றுண்டு. அதனைச் சட்டையில் மாட்டலாம். பட்டையில் பொருத்தித் தலைவிளக்காகவும் அணியலாம். ஒரே விளக்கு வாங்கும் வசதியுடையோர் முதலில் இவ்வகையை வாங்கிப் பின்னர் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடையில் செய்யத்தக்க சோதனை

கடைக்காரரின் அனுமதியுடன் விளக்கை எரித்து, இரண்டடி தொலைவில் வெண்சுவரில் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். கரும்புள்ளிகளோ வளையங்களோ மிகுந்திருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். உங்கள் உள்ளங்கையில் ஒளியைப் பாய்ச்சுங்கள். தோல் இயல்பான நிறத்தில் தெரிகிறதா, நீலம் பாய்ந்து தெரிகிறதா எனக் கவனியுங்கள். இலேசாகத் தட்டிப் பாருங்கள். மினுக்கினால் உள்ளிணைப்பு தளர்ந்தது என்று பொருள். மூடியைத் திருகித் திறந்து, நீர் புகாது காக்கும் ரப்பர் வளையம் முழுமையாக உள்ளதா எனக் காணுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள்.

பேணும் முறை

பால் பட்ட விளக்கை அது உறையுமுன் ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். பாலைக் கெடாமல் வைக்கும் அம்மோனியா செப்பு, பித்தளை இணைப்புகளை அரிக்கும். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் உலோகத்திற்குப் பகை. ஆகவே, விளக்கை இவற்றின் அருகே வைத்தலாகாது. திருகு மரைகளுக்கும் ரப்பர் வளையத்திற்கும் சிறிது சிலிக்கோன் களிம்பு பூசலாம். மண்ணெண்ணெய் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பும் என்பதை ரப்பர்த் தொழிலாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கறுப்பு விளக்கு புல்லில் விழுந்தால் மீண்டும் கிடைப்பது அரிது. கயிறு ஒன்றைக் கட்டி, ஒளி எதிரொளிக்கும் நாடாவை ஒட்டிக்கொள்க. வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு நாளில், வீட்டிலுள்ள விளக்குகள் அனைத்திற்கும் மின்னேற்றும் பழக்கத்தை மேற்கொண்டால், வேண்டிய நேரத்தில் விளக்கு கைவிடாது.

பயன்படுத்தும் நெறி

ஒளியை இரண்டு மூன்று அடிவைப்புகளுக்கு முன்னே பாய்ச்சி நடக்க வேண்டும். மரக்கட்டையைத் தாண்டுமுன் அதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒளியில் காணாத இடத்தில் கையை நுழைத்தலாகாது. கணுக்காலை மூடும் காலணி அணிதல் நன்று. விளக்கு எவ்வளவு நல்லதாயினும் அது காலணிக்கு ஈடாகாது.

பாம்பு கடித்துவிட்டால், கடிபட்டவரை அசையாமல் இருக்கச் செய்து, கடிபட்ட உறுப்பைக் கட்டையோடு தளர்வாகக் கட்டி அசைவின்றி வைத்து, 999 எண்ணுக்கு அழைத்து, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், பாம்பைப் பிடிக்க முயலுதல் ஆகியவை கூடா. கண்களை நோக்கி நஞ்சைப் பீய்ச்சும் நாகப்பாம்பு வகையும் நம் நாட்டில் உண்டு. கண்ணில் நஞ்சு பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரை நாட வேண்டும். இவ்வேளைகளில் சட்டைப்பையிலுள்ள சிறு விளக்கு, உதவிக்கு வருவோருக்கு நாம் இருக்குமிடத்தைக் காட்டும் அடையாளமாகவும் பயன்படும்.

மற்றவருடன் செல்லும்போது ஒளியை எவருடைய முகத்திலும் பாய்ச்சலாகாது. தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் இரவில் புறப்பட்டுச் சுமார் 15 கிலோமீட்டர் கடந்து பத்துமலையை அடைகிறது. அதனைப் பின்தொடர்ந்து நடப்போரும், விடியலுக்கு முன் ஆற்றங்கரையிலும் படியிலும் நெருங்கி நிற்போரும் பல்லாயிரவர். அங்கே ஈரப்படியில் கால் வைக்கும் மூதாட்டிக்கு 20 லுமென் ஒளியைத் தாழ்த்திக் காட்டுதல் தொண்டு. 1,000 லுமென் ஒளியைக் காவடி எடுப்பவரின் கண்ணில் வீசுதல் தீங்கு. குழந்தைகள் கையில் வன்மையான விளக்கை விளையாட்டுப் பொருளாகக் கொடுப்பதும் தவறு; அருகிலிருந்து நேரே உற்று நோக்கினால் கண்ணுக்குக் கேடு விளையும்.

முடிவாக ஒன்று கூறுவோம். விலை மிகுந்த ஒற்றை விளக்கைவிட, அளவான விலையில் நேர்மையான இரண்டு விளக்குகள் மேலானவை. பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணுக்கு மயங்காமல், "எனக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வகை ஒளி வேண்டும்?" என்னும் மூன்று கேள்விகளை முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அவற்றிற்கு விடை கண்டபின் கடைக்குச் செல்வோம். இருளில் புறப்படும் ஒவ்வொருவரும் நலமே வீடு திரும்புதற்கு அச்சிறு முன்யோசனை உறுதுணையாகும்.